பழுதானாலும் மீனைக் கொல்லாத கருவிகள்: வீட்டு மீன் தொட்டிக்கு நாமே செய்துகொள்ள

மீன் தொட்டி வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் மனதுக்குள் ஒரு கருவிப் பட்டியல் இருக்கும். கரண்ட் போனாலும் காற்று நிற்கக் கூடாது, அக்னி நட்சத்திரத்தில் தண்ணீர் சுடக் கூடாது, தண்ணீர் தானாக மாற வேண்டும், ஊருக்குப் போனால் சாப்பாடு போட ஆள் தேடி அலையக் கூடாது, எல்லாவற்றுக்கும் மேலாக, மீன் கழிவில் இருந்து உண்டாகிற அம்மோனியா என்ற விஷம் ஏறினால் மீன் சாவதற்கு முன்னாலேயே நமக்குத் தெரிய வேண்டும். என் பட்டியலும் இதுதான். முதல் மூன்றையும் வீட்டிலேயே செய்து ஓடவிட்டிருக்கிறேன், கடைசியோடு இன்னும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். செய்தவற்றை நீங்களும் செய்துகொள்ளும்படி எழுதுகிறேன்.

இதற்கெல்லாம் இன்ஜினியரிங் படித்திருக்க வேண்டும் என்று நினைத்து ஒதுங்காதீர்கள். கடல் உயிர்களைக் கண்ணாடித் தொட்டியில் வளர்த்து ஆராய்ந்த முன்னோடி ழான் வில்லெப்ரூ-பவர் என்ற பிரெஞ்சுப் பெண். பாரிஸில் உடை தைத்துக்கொண்டிருந்தவர், கல்யாணமாகி சிசிலித் தீவின் மெசினாவுக்குப் போனார். ஆர்கோனாட் என்ற ஆக்டோபஸ் வகை தன் ஓட்டைத் தானே உண்டாக்குகிறதா, வேறொரு உயிரின் ஓட்டை எடுத்துக்கொள்கிறதா என்று அப்போது ஒரு வாதம் நடந்துகொண்டிருந்தது. அதைக் கண்ணால் பார்த்துத் தீர்ப்பதற்காக 1832-ல் அவரே தொட்டி செய்துகொண்டார், தானேதான் உண்டாக்குகிறது என்று நிரூபித்தும் காட்டினார். தேவை இருந்தது, செய்தார்.

எதைச் செய்வதற்கு முன்னாலும் நான் ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்வேன்: இது கெட்டுப்போனால் மீனுக்கு என்ன ஆகும்? கரண்ட் போனால், ஸ்விட்ச் ஒட்டிக்கொண்டால், டியூப் கழன்றால், நான் வீட்டில் இல்லாமல் இருந்தால்? தண்ணீர் மாற்ற ஹோஸ் பைப்பை மொட்டைமாடி டேங்க்கோடு இணைத்துவிட்டு மறந்துபோனால் 500 லிட்டர் வீட்டுக்குள் வரும். ஹீட்டரின் தெர்மோஸ்டாட் 'ஆன்' நிலையில் ஒட்டிக்கொண்டால் மீன் வெந்துவிடும், இது நிறைய பேருக்கு நடந்திருக்கிறது. ஆகவே ஒரு கருவி நன்றாக வேலை செய்கிறது என்பது எனக்குப் போதாது, அது வேலை செய்யாமல் போகிற நாளிலும் மீன் பிழைத்திருக்க வேண்டும். கீழே இருக்கிற எல்லாமே இந்தச் சல்லடையில் சலித்து எடுத்தவை.

என் தொட்டி 3 அடி நீளம், 1 அடி அகலம், ஒன்றேகால் அடி உயரம், சுமார் 100 லிட்டர். கணக்குகள் எல்லாம் அதற்குத்தான், உங்கள் தொட்டிக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

கரண்ட் போனாலும் நிற்காத காற்று

2016 டிசம்பர் 12, வர்தா புயல். எங்கள் தெருவுக்குக் கரண்ட் திரும்ப நான்கு நாள் ஆனது. முதல் இரண்டு நாள் வீட்டில் எல்லாரும் மாறி மாறி ஒரு சொம்பில் தண்ணீரை மொண்டு உயரத்தில் இருந்து ஊற்றிக்கொண்டே இருந்தோம், ராத்திரியிலும் எழுந்து எழுந்து ஊற்றினோம். மூன்றாம் நாள் விடியற்காலை எல்லாரும் அசந்து தூங்கிவிட்டோம். எழுந்து பார்த்தபோது ஒன்றரை வருடம் வளர்த்த ஏஞ்சல் மீன் ஜோடி போய்விட்டிருந்தது. அந்தக் காலைக்குப் பிறகு நான் செய்த முதல் கருவி இது. நீங்கள் ஒன்றே ஒன்றுதான் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள்.

முதலில் தொட்டிக்குள் ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர் (காற்றுக் குமிழியால் தண்ணீரைப் பஞ்சு வழியாக இழுத்து வடிகட்டுவது) இருக்க வேண்டும். கேனிஸ்டரோ (தொட்டிக்கு வெளியே வைக்கிற மூடிய டப்பா ஃபில்டர்) டாப் ஃபில்டரோ வைத்திருந்தாலும் பரவாயில்லை, மூலையில் ஒரு ஸ்பாஞ்ச் எப்போதும் ஓடட்டும். மீனைப் போலவே ஃபில்டருக்குள் இருக்கும் நல்ல பாக்டீரியாவுக்கும் ஆக்சிஜன் வேண்டும். மூடிய கேனிஸ்டர் பல மணி நேரம் நின்றுபோனால் உள்ளே இருப்பது அழுகத் தொடங்கும், கரண்ட் வந்ததும் அந்தத் தண்ணீர் அப்படியே தொட்டிக்குள் வந்து விழும். ஸ்பாஞ்ச் ஃபில்டருக்குக் காற்று மட்டும் போதும், காற்றை ஒன்றிரண்டு வாட்டில் ஓட்டிவிடலாம்.

வாங்க வேண்டியது இரண்டு பொருள். ஒன்று, 5 வோல்ட்டில் ஓடும் சின்ன யூஎஸ்பி ஏர் பம்ப். இன்னொன்று, வைஃபை ரவுட்டருக்கு விற்கிறார்களே, உள்ளேயே பேட்டரி இருக்கும் குட்டி யூபிஎஸ், அதில் 5 வோல்ட் யூஎஸ்பி அவுட்புட் இருக்கிற மாதிரியாகப் பார்த்து. சாதாரண பவர் பேங்க் போதாதா என்று கேட்பீர்கள், நானும் அதில்தான் ஆரம்பித்தேன். பம்ப் எடுக்கிற கரண்ட் மிகக் குறைவு என்பதால் 'எதுவும் இணைக்கப்படவில்லை' என்று எண்ணிக்கொண்டு நிறைய பவர் பேங்க்குகள் தாமாகவே அணைந்துவிடும். சில மாடல்கள் சார்ஜில் இருக்கும்போது வெளியே கரண்ட் கொடுக்காது, சிலது கரண்ட் போகிற அந்த நொடியில் ஆஃப் ஆகி அப்படியே நின்றுவிடும். ரவுட்டர் யூபிஎஸ் செய்யப்பட்டதே இடைவெளி இல்லாமல் மாறுவதற்குத்தான்.

எவ்வளவு நேரம் தாங்கும் என்பதை வாங்குவதற்கு முன்பே கணக்குப் போடலாம். பெட்டியில் 8,800 மில்லி ஆம்பியர்-மணி என்று போட்டிருந்தால் அதை 3.7-ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுங்கள், கிட்டத்தட்ட 32 வாட்-மணி வரும். வழியில் வீணாவது போக 26 என்று வைத்துக்கொள்வோம். பம்ப் ஒன்றரை வாட் என்றால் 17 மணி நேரம். பெட்டியில் போட்டிருக்கிற எண்ணை முழுதாக நம்பாமல், ஒரு நாள் பிளக்கைப் பிடுங்கிவிட்டு உண்மையில் எத்தனை மணி ஓடுகிறது என்று பார்த்து எழுதி வையுங்கள். புயல் மாதிரி பல நாள் போகும் என்று தெரிந்தால் மீன் நெரிசல் இல்லாத தொட்டியில் அரை மணி ஓடவிட்டு அரை மணி நிறுத்தலாம், மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் உடனே ஓடவிட வேண்டும். அந்த நாட்களில் தீனி போடவே போடாதீர்கள்.

இணைப்பது ஐந்து நிமிட வேலை, ஆனால் இரண்டு விஷயத்தை விட்டுவிடக் கூடாது. பம்ப் தொட்டியின் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருந்தால், அது நிற்கிற நேரத்தில் தண்ணீர் ஏர் டியூப் வழியாகத் திரும்பி வந்து பம்ப்புக்குள்ளும் அதற்குப் பின்னால் இருக்கிற மின்சாரத்துக்குள்ளும் போகும். பம்ப்பைத் தொட்டியை விட உயரத்தில் வையுங்கள், முடியாவிட்டால் டியூபின் நடுவில் ஒரு பக்கம் மட்டும் போகவிடுகிற நான்-ரிட்டர்ன் வால்வ் ஒன்று போடுங்கள், மீன் கடையிலேயே சில்லறை விலைக்குக் கிடைக்கும். ஊதிப் பார்த்து எந்தப் பக்கம் காற்று போகிறது என்று தெரிந்துகொண்டு மாட்டுங்கள். அப்புறம், தொட்டி பக்கம் போகிற எந்த வயராக இருந்தாலும் பிளக் பாயின்டை விடக் கீழே ஒருமுறை தொங்கி, பிறகு மேலே ஏறி பிளக்குக்குப் போகட்டும். வயரோடு வழிந்து வரும் தண்ணீர் அந்தத் தாழ்ந்த இடத்தில் சொட்டிவிடும், சுவருக்குள் போகாது. கரண்ட் கசிந்தால் உடனே துண்டித்துவிடுகிற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி வீட்டில் இல்லை என்றால் இந்தக் கருவிகளுக்கு எல்லாம் முன்னால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அதைப் போடுங்கள், அது மீனுக்கு அல்ல, தொட்டிக்குள் கைவிடுகிற உங்களுக்கு.

இது கெட்டுப்போனால்? பேட்டரி கொஞ்சம் கொஞ்சமாகச் சாகும், சத்தமே இல்லாமல். மாதத்தின் முதல் ஞாயிறு காலையில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மத்தியானம் வரை ஓடுகிறதா என்று பார்ப்பது எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது.

வெயிலுக்கு ஒரு விசிறி

25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் 8.3 மில்லிகிராம் ஆக்சிஜன் வரை பிடித்துவைக்கும், 32 டிகிரியில் அது 7.3-க்கு இறங்கிவிடும். சூடு ஏற ஏற மீனுக்கு ஆக்சிஜன் தேவை கூடும், இருப்போ குறையும். மே மாதம் கோல்ட் ஃபிஷ் சோர்ந்துபோவது இதனால்தான். தண்ணீரைக் குளிர்விக்கிற சில்லர் இயந்திரம் வாங்குவது எல்லாராலும் முடியாது. ஆனால் மண்பானைத் தண்ணீரைக் குளிரவைக்கிற அதே வித்தை இங்கேயும் நடக்கும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகிப் போகும்போது எடுத்துக்கொண்டு போகிற வெப்பம், 100 லிட்டர் தண்ணீரை 5 டிகிரிக்கு மேல் குறைக்கப் போதுமானது. அறையின் சூடு திரும்பத் திரும்பத் தண்ணீருக்குள் வந்துகொண்டே இருப்பதால் அத்தனையும் நமக்குக் கிடைக்காது, எனக்கு 2 முதல் 3 டிகிரி வரை இறங்குகிறது. சென்னை மாதிரிக் கடலோரத்தில், காற்றில் ஈரம் பிசுபிசுக்கிற நாட்களில் குறைவாகத்தான் இறங்கும், மதுரை, திருச்சி பக்கம் வறண்ட வெயிலில் நன்றாகவே இறங்கும்.

பொருட்கள் சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைவீதியான ரிச்சி தெருவில் ஒரே கடையில் கிடைத்துவிடும்: கம்ப்யூட்டருக்குள் இருக்கும் 12 வோல்ட் ஃபேன் 120 மில்லிமீட்டரில் ஒன்று, 12 வோல்ட் அடாப்டர், டபிள்யூ 1209 என்று கேட்டால் தருகிற வெப்பக் கட்டுப்பாட்டுப் பலகை. இந்தப் பலகையில் சென்சார் வயரோடு வரும், சின்ன டிஸ்பிளேயும் மூன்று பட்டனும் இருக்கும். அடாப்டரின் பிளஸ், மைனஸ் இரண்டையும் பலகையில் 12 வோல்ட், ஜிஎன்டி என்று எழுதிய இடங்களில் கொடுங்கள். கே0, கே1 என்ற இரண்டும் வெறும் ஸ்விட்ச்தான், அதில் தானாகக் கரண்ட் வராது. ஆகவே அடாப்டரின் பிளஸ்ஸில் இருந்து ஒரு துண்டு வயர் கே0-க்கு, கே1-ல் இருந்து ஃபேனின் சிவப்பு வயருக்கு, ஃபேனின் கறுப்பு வயர் ஜிஎன்டிக்கு. செட் பட்டனைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தால் பி0 வரும், அதில் குளிர்விப்பதற்கான சி-யைத் தேர்ந்தெடுங்கள். ஃபேன் ஓடத் தொடங்குவதற்கும் நிற்பதற்கும் இடையே இருக்க வேண்டிய வித்தியாசம் பி1, அதில் 1 டிகிரி வையுங்கள், இல்லாவிட்டால் ஃபேன் நிமிடத்துக்கு ஒருமுறை நின்று நின்று ஓடும். ஃபைட்டர், கப்பி, மோலி மீன்கள் இருக்கிற தொட்டிக்கு நான் 29 டிகிரி வைத்திருக்கிறேன். சென்சாரின் உலோகத் தலை வயரோடு சேரும் இடத்தில் மீன் தொட்டிக்கான சிலிக்கோன் தடவி ஒரு நாள் காயவிட்டுப் போடுங்கள், இல்லாவிட்டால் சில மாதத்தில் உள்ளே தண்ணீர் இறங்கித் தப்புத் தப்பாகக் காட்டும்.

கண்ணாடி மூடியை எடுத்துவிட்டுக் கொசுவலையைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி மூடுங்கள், ஆவி வெளியே போக வேண்டும், மீன் வெளியே குதிக்கக் கூடாது. ஃபேனைத் தொட்டி விளிம்பில் கேபிள் டை போட்டு இறுக்கிக் கட்டி, காற்று தண்ணீரின் மேல் சாய்வாகப் படும்படி திருப்பிவிடுங்கள். ஸ்விட்ச் ஒட்டிக்கொண்டு ஃபேன் நாள் முழுக்க ஓடினால் தண்ணீர் இன்னும் கொஞ்சம் குளிரும், அவ்வளவுதான். ஓடவே இல்லை என்றால் ஃபேன் இல்லாத வீட்டு நிலைமை. இரண்டிலும் மீன் சாகாது. இதே பலகையில் 230 வோல்ட் ஹீட்டரை இணைக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அங்கே ஸ்விட்ச் ஒட்டிக்கொண்டால் கதையே வேறு, அதோடு அந்தத் திறந்த பலகையில் வீட்டுக் கரண்ட் ஓடுவதே ஆபத்து.

ஒரு சிக்கல் மிச்சம் இருக்கிறது. ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், அதில் இருக்கிற உப்பு எல்லாம் தொட்டியிலேயே நிற்கும். குறைந்த தண்ணீருக்குப் பதிலாகப் போர்வெல் தண்ணீரையே ஊற்றிக்கொண்டு வந்தால் வாரா வாரம் டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கிற உப்புகளின் அளவு) ஏறிக்கொண்டே போகும். கோடையில் மட்டும் ஆர்ஓ தண்ணீரைக் கலந்து ஊற்றலாம், அல்லது அடுத்த கருவியைச் செய்தால் இந்தக் கவலையும் பெரும்பாலும் போய்விடும்.

சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் மாற்றுவது

எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். வாரம் ஒருமுறை பாதித் தண்ணீரை ஒரேயடியாக மாற்றுவதற்குப் பதில் தினமும் 10 லிட்டர், 24 மணி நேரமும் சொட்டிக்கொண்டே உள்ளே வரும், அதே அளவு வழிந்து வெளியே போகும். ஏழு நாளில் பழைய தண்ணீரில் பாதி போயிருக்கும். மீனுக்கு அதிர்ச்சி கிடையாது, உங்களுக்கு முதுகுவலி கிடையாது. யோசனை கொடுத்தது சென்னைக் கொளத்தூரில் நான் வழக்கமாகப் போகிற மீன் கடை அண்ணன், புதிதாக வந்த இறால்களைப் பழக்க, மருந்துக்கடையில் கிடைக்கிற, குளுக்கோஸ் ஏற்றும் டிரிப் செட்டைப் போட்டுச் சொட்டவிட்டுக்கொண்டிருந்தார். நான்கு மணி நேரத்துக்குச் செய்வதை நாள் முழுக்கச் செய்தால் என்ன என்று அங்கே நின்றுகொண்டே தோன்றியது.

தொட்டியை விட உயரமாக ஒரு ஸ்டாண்டில் 20 லிட்டர் வாட்டர் கேன், அதில் தினமும் 10 லிட்டர் மட்டும் ஊற்றுங்கள். நேராகக் குழாயில் இணைக்காமல் கேன் வைப்பதற்குக் காரணம் அந்தப் பழைய கேள்விதான்: எது கழன்றாலும் அதிகபட்சம் 10 லிட்டர்தான் வரும். என் தொட்டியின் பரப்பில் 10 லிட்டர் சேர்ந்தால் மட்டம் 3.7 சென்டிமீட்டர் ஏறும். ஆகவே விளிம்பில் இருந்து 2 அங்குலம் குறைவாகவே தண்ணீர் மட்டத்தை வைத்திருக்கிறேன், வெளியேறும் வழி முழுதாக அடைத்துக்கொண்டாலும் அன்றைக்குத் தரையில் ஒரு சொட்டு விழாது. காலையில் மட்டம் ஏறியிருப்பதைப் பார்த்துச் சரிசெய்துவிட்டு அப்புறம் கேனை நிரப்பினால் போதும்.

டிரிப் செட்டின் ஊசி முனையைக் கேனின் அடிப்பக்கம் போட்ட துளையில் செருகி சிலிக்கோன் வைத்துவிடுங்கள். 10 லிட்டரை 1,440 நிமிடத்துக்குப் பகிர்ந்தால் நிமிடத்துக்கு 7 மில்லி. சாதாரண செட்டில் 20 சொட்டு ஒரு மில்லி என்று கவரிலேயே போட்டிருக்கும், அப்படியென்றால் நிமிடத்துக்கு 140 சொட்டு, எண்ணினால் கண் வலிக்கும். ஐந்து நிமிடம் ஒரு டம்ளரில் பிடித்து சிரிஞ்சால் அளந்தால் 35 மில்லி இருக்க வேண்டும், டிரிப் டியூபில் இருக்கிற உருளைச் சக்கரத்தைத் திருப்பித் திருப்பி அதற்குக் கொண்டுவாருங்கள். கேனில் மட்டம் இறங்க இறங்க வேகமும் குறையும், அதைப் பற்றிக் கவலை வேண்டாம், மொத்தம் போய்ச் சேர்ந்தால் சரி.

குளோரின் விஷயம் முக்கியம். மெட்ரோ தண்ணீர் என்றால் முதல் நாளே வேறொரு பக்கெட்டில் பிடித்து ஏர் ஸ்டோன் போட்டு வைத்து, மறுநாள் கேனில் ஊற்றுங்கள். அவசரத்துக்கு ஆன்டி குளோரின், அல்லது ஹைப்போ என்று விற்கிற சோடியம் தயோசல்ஃபேட். குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த குளோரமைன் கலந்த தண்ணீர் வருகிற ஊரில் வைத்து ஆறவிடுவது உதவாது, அங்கே மருந்து போட்டே ஆக வேண்டும்.

வெளியே போகிற வழி கொஞ்சம் பொறுமை கேட்கும். தொட்டி டஃபன்ட் (சூடாக்கிக் கடினமாக்கிய) கண்ணாடி இல்லை என்று உறுதியாகத் தெரிந்தால் கண்ணாடிக் கடையில் வைரத் துளைப்பானால் ஓட்டை போட்டு வாங்கலாம். டஃபன்ட் என்றால் தொட்ட நொடியில் மொத்தமும் பொடியாகிவிடும். ஓட்டை வேண்டாம் என்றால் அரை அங்குல பிவிசியில் இப்படிச் செய்யலாம்: ஒரு கால் தொட்டிக்குள் பாதி ஆழம் வரை இறங்கும், விளிம்பைத் தாண்டி இன்னொரு கால் வெளியே கீழே இறங்கும், அங்கேயே நிற்காமல் அடியில் எல்போ போட்டுத் திரும்பவும் மேலே ஏறி, தொட்டியில் எந்த மட்டத்தில் தண்ணீர் நிற்க வேண்டுமோ சரியாக அந்த உயரத்தில் மூன்று வாய் உள்ள ஒரு டீ (T) இணைப்பில் முடியும். டீ-யின் மேல் வாய் காற்றுக்காகத் திறந்தே இருக்கட்டும், பக்கவாட்டு வாயில் இருந்து ஒரு டியூப் வடிகாலுக்குப் போகட்டும். உச்சியில் சிறு துளை போட்டு ஏர் டியூப் செருகி, சிரிஞ்சால் காற்றை உறிஞ்சி எடுத்தால் பைப் நிரம்பிவிடும், பிறகு அந்த டியூபை முடிச்சுப் போட்டு அடைத்துவிடுங்கள். இனி தொட்டியின் மட்டம் டீ-யின் உயரத்தைத் தாண்டினால் வழியும், சமமானால் நின்றுவிடும். கரண்ட் எதுவும் தேவையில்லை. வெளிக்காலைத் திரும்ப மேலே ஏற்றாமல் விட்டால் தொட்டி பாதி காலியாகிவிடும், அந்த ஒரு வளைவுதான் இதன் உயிர். உள்கால் வாயில் ஸ்பாஞ்ச் துண்டு செருகினால் குஞ்சு மீன்கள் போகாது. பசை போட்ட பைப்பை இரண்டு நாள் காயவிட்டு நன்றாக அலசிய பிறகே மாட்டுங்கள், முதல் இரண்டு நாள் மீன் இல்லாத ஒரு பிளாஸ்டிக் டப்பில் மாட்டி ஓட்டிப் பாருங்கள்.

வாரம் ஒருமுறை உச்சியில் காற்றுக் குமிழி சேர்ந்திருக்கிறதா என்று பார்த்து உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். அடியில் சேருகிற கசடை இது எடுக்காது, அதற்குப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை டியூபால் கசடை உறிஞ்சி எடுக்கிற சைஃபன் போட்டே ஆக வேண்டும். வெளியே வருகிற தண்ணீர் எங்கள் வீட்டில் கறிவேப்பிலைக்கும் மல்லிக்கும் போகிறது, செடி இரண்டும் நன்றாகத் தழைத்திருக்கின்றன.

ஊருக்குப் போகிறபோது தானியங்கித் தீனிப் பெட்டி வைக்கலாம்தான், ஆனால் ஈரத்தில் தீனி கட்டிப்பட்டு விழாமல் போவதும், ஒரேயடியாகக் கொட்டிவிடுவதும் உண்டு. நன்கு வளர்ந்த, ஆரோக்கியமான மீன் ஒரு வாரம் சாப்பிடாமல் இருக்கும். அதற்கு மேல் என்றால் ஞாயிறு முதல் சனி வரை அறைகள் இருக்கிற மாத்திரை டப்பாவில் ஒரு நாளுக்கு ஒரு சிட்டிகை அளந்து போட்டுப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, தீனி டப்பாவைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டுப் போங்கள்.

இனி அம்மோனியா. தண்ணீரில் இது இரண்டு வடிவில் இருக்கிறது, ஒன்று மீனைக் கொல்வது, இன்னொன்று அவ்வளவாகத் தீங்கு செய்யாதது. 25 டிகிரியில் பிஹெச் (தண்ணீரின் அமில, காரத் தன்மையின் அளவு) 7 என்றால் கொல்கிற வடிவம் மொத்தத்தில் ஒரு சதவீதம்கூட இல்லை, பிஹெச் 8 என்றால் 5 சதவீதத்தைத் தாண்டிவிடும். அதனால்தான் டெஸ்ட் கிட்டில் ஒரே நிறம் காட்டினாலும் ஒருவர் வீட்டில் மீன் பிழைக்கிறது, இன்னொருவர் வீட்டில் சாகிறது. கொல்கிற அந்த வடிவத்தை மட்டும் காட்டுகிற பட்டை ஒன்று கிடைக்கிறது, சீக்கெம் நிறுவனத்தின் அம்மோனியா அலர்ட், கண்ணாடிக்கு உள்ளே ஒட்டிவிட்டால் ஏற ஏற மஞ்சளில் இருந்து பச்சைக்கும் நீலத்துக்கும் மாறும். ஆனால் நாம் பார்க்கும்போதுதான் அது சொல்லும், ராத்திரி இரண்டு மணிக்கு எழுப்பாது.

அதனால் இப்போது ஒரு முயற்சியில் இருக்கிறேன். திரை உடைந்துபோன பழைய போன் ஒன்றை அந்தப் பட்டைக்கு எதிரே ஸ்டாண்டில் நிறுத்தி, டைம் லாப்ஸில் மணிக்கு ஒரு படம் எடுக்கவைத்திருக்கிறேன். முதல் வாரம் படங்கள் பயன்படவில்லை, பகல் வெளிச்சத்தில் மஞ்சளாக இருப்பது ராத்திரி டியூப்லைட்டில் பச்சையாகத் தெரிந்தது. பட்டைக்குப் பக்கத்திலேயே வெள்ளை அட்டைத் துண்டு ஒன்றைக் கண்ணாடிக்கு வெளியே ஒட்டி, அறை வெளிச்சம் படாமல் கறுப்பு அட்டையால் கூண்டு கட்டி, உள்ளே ஒரு சின்ன எல்இடி வைத்த பிறகு நிறம் நிலையாக வருகிறது. வெள்ளை அட்டை படத்தில் வெள்ளையாகத் தெரிந்தால் பட்டையின் நிறத்தையும் நம்பலாம். அடுத்தது, நிறம் மாறினால் போன் தானாக அலாரம் அடிக்க வேண்டும், அதைத்தான் இந்த மாதம் செய்துகொண்டிருக்கிறேன். போன் நின்றுபோனால் அலாரம் வராது, மீனுக்கு வேறு எதுவும் ஆகாது. புதிதாகத் தொட்டி வைத்தவர்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம், முதல் ஆறு வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் டெஸ்ட் கிட்டில் அம்மோனியாவும், அதில் இருந்து உண்டாகிற நைட்ரைட் என்ற இன்னொரு விஷமும் பார்த்து ஒரு காலண்டர் தாளில் எழுதி, தொட்டியின் பக்கவாட்டிலேயே ஒட்டிவையுங்கள்.